மூன்று இனமும் ஒரே மேடையில் ஆடினால் போதுமா? சுங்கை சிப்புட்டிலிருந்து சில குறிப்புகள்

18.6.2024 (மலேசியாவின் பகாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டது)

எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஆகஸ்டு மாதத்துக்கு ஒரு கலை இரவு நடத்தச் சொல்கிறார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரையும் சேர்க்க வேண்டுமாம். கலையால் மக்கள் சேர்வார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வருவார்கள், ஆடுவார்கள், சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். யாராவது நிஜமாகவே செய்து பார்த்ததுண்டா?

19.6.2024

செய்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை தோற்றது. இரண்டாவது தடவை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தோற்ற கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் கேட்பதும் அதே நிகழ்ச்சிதான். 2016 ஆகஸ்டு. திடலில் கூடாரம், சிவப்பு நாற்காலி, காது கிழிகிற ஒலிபெருக்கி. ஒவ்வொரு இனத்துக்கும் பத்து நிமிடம். மலாய்ப் பிள்ளைகள் ஸாப்பின், சீனப் பிள்ளைகள் விசிறி நடனம், கடைசியாக நம் பிள்ளைகளின் கோலாட்டம். ஸாப்பின் முடிந்ததும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் படம் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். விசிறி முடிந்ததும் இன்னும் நாலு வரிசை காலி. கோலாட்டம் தொடங்கியபோது எங்கள் ஆட்கள் மட்டும்தான் மிச்சம். ஓரத்தில் நாற்காலி அடுக்குகிறவர்கள் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என் அண்ணன் மகளுக்கு அப்போது எட்டு வயது. கோலைக் கீழே இறக்கிவிட்டு மேடையிலிருந்தே, "அத்தை, எல்லாரும் ஏன் போறாங்க?" என்று கேட்டாள். ஒலிபெருக்கியில் அது திடல் முழுக்கக் கேட்டது.

20.6.2024

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். அன்று அந்த மூன்று குழுவும் ஒரு தடவைகூட சேர்ந்து ஒத்திகை பார்த்ததில்லை. வரிசை எண் கொடுத்தார்கள், அவரவர் முறை வந்ததும் ஏறி இறங்கினார்கள். ஒருத்தருக்கு இன்னொருத்தர் தேவைப்படவே இல்லை.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் பெயர் நமக்குத் தெரியாது. முதல் நாள் ராத்திரி கூட உட்கார்ந்து வெங்காயம் உரித்தவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டோம். நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதற்குள் அடங்கும். மேடை என்பது பந்தி. நமக்கு வேண்டியது வெங்காயம் உரிக்கிற ராத்திரி.

24.6.2024

எந்த வட்டாரம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பேராக் மாநிலம், சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற வழியில்.

1948 ஜூன் 16-இல் இங்கே தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷார் அவசரகாலம் அறிவித்ததும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நம் பேச்சுக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. 1950-இலிருந்து, கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகாமல் தடுக்க வகுத்த பிரிக்ஸ் (Briggs) திட்டத்தின்படி, காட்டோரத்தில் பயிர் செய்து பிழைத்த சீனக் குடும்பங்களை முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். நாடு முழுக்க ஐந்து லட்சம் பேர் அளவில். நம்மவர்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். மலாய்க்காரர்கள் ஆற்றோரக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில். மூன்று பேரும் பார்த்துக்கொள்கிற இடம் கடைத்தெரு ஒன்றுதான். பகை கிடையாது. சாமான் வாங்கி மிச்சக் காசு எண்ணிக்கொள்கிற அளவுக்குப் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். வேலியைப் பிடுங்கி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கால் இன்னும் பழைய தடத்திலேயே போகிறது.

துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. 1972-இல் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர் பொறுப்பு அவருக்குத்தான் வந்தது. ஊரில் எல்லாரும் சொல்லிப் பெருமைப்படுவோம். நானும்தான். ஆனால் நாற்பது வயது வரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பத்துக்குள் நான் கால் வைத்ததில்லை.

எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு செம்பனை நட்டார்கள். லயத்தைக் காலி செய்துவிட்டு இந்தத் தாமானுக்கு வந்தோம். பின்பக்கம் புதுக் கிராமம். ஆற்றைத் தாண்டினால் கம்பம்.

30.6.2024

இரண்டாவது தடவை எப்படித் தொடங்கியது என்று கேட்டார்கள். அதைச் சொல்ல அப்பாவைச் சொல்ல வேண்டும்.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். தப்பும், அதாவது பறையும், அடிப்பார். தோட்டத்தில் சாவு என்றால் விடிவதற்குள் ஆள் வந்து கூப்பிடும். திருவிழாவுக்கும் கூப்பிடுவார்கள், கோவிலுக்கு வெளியே நிற்க வைத்து. பெரட்டில் (காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடத்தில்) எல்லாரும் ஒரே வரிசை, பால் வாளி எல்லாருக்கும் ஒரே கனம். ஆனால் தப்பு அடிக்கிறவர் வீட்டுக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்டு யாரும் வரமாட்டார்கள். நாங்கள் சின்ன வயதில் அந்தத் தப்பைக் கட்டிலுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி வைப்போம். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது.

2021-இல், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தபோது அப்பா காலமானார். அடக்கத்துக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. தோட்டத்தில் எத்தனை சாவுக்கு அடித்தாரோ, அவர் சாவுக்குத் தப்புச் சத்தம் இல்லை. வேனில் ஏற்றும்போது நாய் குரைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறு வருஷம் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை வெளியே எடுத்தேன். அண்ணன் மகன் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றான். அப்பாவோடு சேர்ந்து அடித்த பெரியவர் ஒருத்தர் ஊரில் இருந்தார். ஐந்து பிள்ளைகளோடு கோவில் வாசலில் தொடங்கினோம். இனங்களைச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணமே அன்று கிடையாது. அப்பாவுக்குக் கொடுக்க முடியாததைக் கொடுக்க நினைத்தேன்.

5.7.2024

"மற்ற இனத்தார் முன்னால் சாவு மேளத்தையா காட்டுவது, பரதம் மாதிரி உயர்ந்த கலையைக் காட்டலாமே" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். கோபத்தோடுதான் பதில் எழுதுகிறேன், மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

பரதத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ரம்லி இப்ராஹிம் ஒரு மலாய்க்காரர். 1983-இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கி பரதமும் ஒடிசியும் ஆடி, சொல்லிக்கொடுத்து, 2018-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ வரைக்கும் பெற்றார். அவர் ஆடுவதைக் கோலாலம்பூரில் நேரில் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் எங்கள் லயத்தில் பரதம் யார் வீட்டில் இருந்தது? உறுமியும் தப்பும்தான் இருந்தன. கும்மி இருந்தது. மாசி மாதத்தில் காமன் கூத்து இருந்தது. கையில் இருப்பதை மறைத்துவிட்டு இல்லாததைக் காட்டிப் பக்கத்து வீட்டுக்காரரோடு எப்படிப் பழகுவது? ஒரு பள்ளியில் சபைக்கூடலுக்குப் பிள்ளைகளைத் தப்போடு அழைத்துப்போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், நல்ல நாளில் அபசகுனமாம். நிறுத்தியவர்கள் தமிழர்கள். மலாய்க்காரரும் சீனரும் இதுவரை அந்தச் சொல்லை என்னிடம் சொன்னதில்லை. நமக்குள் இருக்கிற வேலியை வைத்துக்கொண்டு ஊர் வேலியைப் பேசுகிறோம்.

6.7.2024

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. ஆனால் எழுதியவர் தனிமடலில், தன் அப்பாவும் தப்படித்தவர் என்றும் அந்த வெட்கம் இன்னும் போகவில்லை என்றும் சொன்னார். அவர் சம்மதத்தோடு இதை இங்கே போடுகிறேன். அண்ணே, ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கம் வாருங்கள்.

9.7.2024

ஏன் செவ்வாய் என்றால்:

கம்பத்தில் கொம்பாங் என்கிற மலாய்க் கைமேளம் அடிக்கிற குழு ஒன்று உண்டு, கல்யாண ஊர்வலத்துக்குப் போவார்கள். அதில் இருக்கிற ஒரு பாக்சிக்கின் (மலாயில் மாமா) மனைவி பிசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்) கடை போட்டிருக்கிறார். கடையில் நின்று பேசிப் பேசித்தான் பழக்கம். நீங்களும் வந்து எங்களோடு அடியுங்கள் என்று கூப்பிட்டேன், வியாழக்கிழமை இரவு என்றேன். சரி என்றார். மூன்று வாரம் வரவில்லை. இஷ்டம் இல்லை போலிருக்கிறது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். நாலாவது வாரம் மாக்சிக், அதாவது அவர் மனைவி, சொல்லித்தான் தெரிந்தது, வியாழன் இரவு சூராவில் (சின்னத் தொழுகைக் கூடத்தில்) குர்ஆனின் யாசின் அத்தியாயத்தை ஓதுவார்கள். அதை நம்மிடம் எடுத்துச் சொல்ல அவருக்குக் கூச்சம். கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஐம்பது வருஷம் பக்கத்து ஊர், அவர்களின் வியாழக்கிழமை எனக்குத் தெரியாது!

புதன் இரவுச் சந்தை. வெள்ளி நமக்குக் கோவில். சனி ஞாயிறு சீனப் பிள்ளைகளுக்கு டியூஷன். சுற்றிச் சுற்றி செவ்வாய்தான் மிஞ்சியது, இஷா தொழுகை முடிந்து ஒன்பது மணிக்கு.

இடமும் மாறியது. கோவில் வாசலுக்கு வர அவர்கள் தயங்கினார்கள். அதில் குற்றமில்லை, சூராவ் வளாகத்தில் தப்படி என்றால் நாமும் தயங்குவோம். பொது மண்டபமான பாலாய் ராயாவுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பூப்பந்துத் திடல் இருக்கிறது. யாருடைய இடமும் இல்லை என்பதால் எல்லாருக்கும் சரிப்பட்டது.

14.7.2024

தோல் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் நாள் பாக்சிக் வந்து தப்பைத் தொடாமல் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, இது என்ன தோல் என்று மெதுவாக மலாயில் கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்பது புரிந்தது. பிள்ளைகள் அடிப்பது ஆட்டுத்தோல், என் அப்பாவுடையது மாட்டுத்தோல், அவ்வளவுதான் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. தன் கொம்பாங்கைத் திருப்பிக் காட்டி, இதுவும் ஆடுதான் என்றார். அதன் பிறகுதான் கை நீட்டித் தப்பை வாங்கினார். நாம் கேட்கக் கூசுகிற கேள்வியை அவர் கேட்டதால் ஐந்து நிமிடத்தில் விஷயம் தீர்ந்தது.

அப்புறம் மழைக்காலம். ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டால் தப்பு "தொப்"பென்று செத்த சத்தம் போடும். காய்ச்ச வேண்டும். தகர டிரம்மைப் பாதியாக வெட்டி அதில் பழைய பேப்பரும் காய்ந்த செம்பனை மட்டையும் போட்டுக் கொளுத்துவோம். தப்பை நேராக நெருப்பில் காட்டக் கூடாது. ஒரு கை தூரத்தில் சாய்த்துப் பிடித்து, சோறு கிளறுகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுநடுவே விரல் கணுவால் தட்டிப் பார்க்க வேண்டும். தொப், தொப், தப், தண். "தண்" வந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் தோல் வெடிக்கும்.

கொம்பாங்குக்கு வேறு வழி. தோலுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் ஒரு பிரம்பைச் செருகி இறுக்குவார்கள். செடாக் என்று பெயர். பாக்சிக் அதைத் தேக்கரண்டிக் காம்பால் நெம்பி நெம்பி உள்ளே தள்ளுவார், நாக்கைக் கடித்துக்கொண்டு. புதுக் கிராமத்திலிருந்து சிங்க நடனம் ஆடுகிற தம்பி ஒருவன் இந்த நெருப்பைப் பார்த்துத்தான் முதலில் எட்டிப் பார்த்தான். அவர்கள் பெருமேளத்தில் தோலைச் சுற்றி ஆணி அடித்துவிடுவார்கள், இறுக்க வழியே கிடையாது. அவனும் மேளத்தை உருட்டிக்கொண்டு வந்து நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தான். சிவப்புப் பெயிண்ட் பொங்க ஆரம்பித்ததும் மூன்று மொழியிலும் கத்தினோம்.

அந்த நெருப்பைச் சுற்றி உட்காருகிற அரை மணி நேரம்தான் நான் சொன்ன வெங்காய ராத்திரி. ஊர்க்கதை எல்லாம் அங்கேதான். யாருக்கு இனிப்பு நீர், யார் மகனுக்கு சிங்கப்பூரில் வேலை, எந்தத் தோட்டத்தில் சம்பளம் பாக்கி.

15.7.2024

சேர்ந்து எப்படி அடிப்பீர்கள், தாளம் ஒத்துப்போகுமா என்று கேட்டிருக்கிறார் பகாவ் தம்பி. முதல் இரண்டு மாதம் ஒத்துப்போகவில்லை. கொம்பாங்கை ஒற்றை ஆள் அடித்தால் பாதிதான் கேட்கும். ஒருத்தர் விட்ட இடைவெளியில் இன்னொருத்தர் அடிக்க, இரண்டும் பின்னி ஒரு ஓட்டமாக வரும். தப்பில் அந்தப் பின்னலை ஒரே ஆள் இரண்டு கையால் செய்துவிடுவார், வலது கையில் தடித்த அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய சுண்டுக்குச்சி. ஆகவே எங்கள் பிள்ளைகள் இடைவெளியே விடாமல் அடித்துத் தள்ளினார்கள். கொம்பாங்குக்கு நுழைய இடமே இல்லை. எங்கள் பெரியவர்தான் சொன்னார்: "சுண்டுக்குச்சிய கீழ வைங்கடா. அந்த அடிய அவங்க அடிப்பாங்க."

பிள்ளைகள் இடது கையைச் சும்மா வைத்துக்கொண்டு அடிக்கப் பழகினார்கள். அது சுலபமில்லை.

21.7.2024

எல்லாம் நல்லபடியாகவே போனது என்று நினைத்துவிடாதீர்கள்.

போன வருஷம் ஒரு செவ்வாய், பையன்கள் உற்சாகத்தில் அருள் அடிக்குப் போய்விட்டார்கள். கோவிலில் சாமி அழைக்கும்போது உறுமியும் தப்பும் சேர்ந்து அடிக்கிற அடி. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளைக்கு உடம்பு நடுங்கி, கண் சொருகி, தலை சுழல ஆரம்பித்துவிட்டது. நாங்கள் தண்ணீர் தெளித்து, திருநீறு தேடி ஓடினோம். திரும்பிப் பார்த்தால் கொம்பாங் குழு இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். இரண்டு வாரம் ஆளைக் காணோம். கம்பத்தில் யாரோ, இது வழிபாடு, நீங்கள் ஏன் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் பாக்சிக் வீட்டுக்குப் போனேன். நடந்தது எங்கள் கவனக்குறைவு, அந்த அடி கோவிலுக்கு உரியது, இனி திடலில் அடிக்க மாட்டோம் என்றேன். அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், நாங்களும் எல்லாவற்றையும் உங்களிடம் கொண்டுவரவில்லை. கொம்பாங்கோடு பாடுகிற சலவாத் இருக்கிறது, அது நபி மேல் பாடுவது, அதை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வருகிறோம்.

எனக்கு அது தெரியவே தெரியாது. அவர்கள் வெறும் கையோடு வந்த மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரே சட்டியில் கொட்ட வேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சிலது அவரவர் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். எது வீட்டில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

2.8.2024

"இதெல்லாம் கலப்படம், கலையின் தூய்மை கெடும்" என்று ஒரு கருத்து. இந்த நாட்டில் எது கலக்காமல் வந்தது? பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான் பங்சாவான் என்கிற மலாய் மேடை நாடகம் உண்டானது. 1885-இல் பினாங்கில் மாமாக் பூஷி என்பவர் குழு தொடங்கினார், இந்திய வம்சாவளிக்காரர். கிளந்தானின் நிழல்கூத்தான வாயாங் கூலிட்டில் மலாய்க் கூத்துக்காரர் தோற்பாவையை ஆட்டிச் சொல்வது ஸ்ரீராமன் கதை. இன்று பள்ளிக்கூடங்களில் அடிக்கிற இருபத்து நான்கு பருவ மேளம் சீனாவிலிருந்து கப்பலில் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1988-இல் ஜொகூர் பாருவில் உருவாக்கியது. சிங்க நடன மேளத்தை எடுத்து, சீன நாட்காட்டியின் 24 பருவப் பெயர்களை அதன் மேல் தூரிகையால் எழுதினார்கள். இப்போது மலாய்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் அடிக்கிறார்கள்.

நம் உறுமி மேளமே மலேசியாவில் வேறு ஆகிவிட்டது. தைப்பூசத்துக்கு பத்துமலையில் கேட்கிற வேகத்தைத் தமிழ்நாட்டிலிருந்து வந்த என் உறவுக்காரர் கேட்டு அசந்துபோனார்.

18.8.2024

இழையின் தலைப்பே தவறு. "மூன்று இனம்" என்று கேள்வியில் வந்ததை நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். கோல மூ பக்கம், லாசா பாதையில், மேலே தெமியார் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். நம் எல்லாருக்கும் முன்னால் இங்கே இருந்தவர்கள். டுரியான் காலத்தில் சாலையோரத்தில் அவர்களிடம் வாங்கித் தின்கிறோம், விலை பேசுகிறோம், அத்தோடு சரி.

ஒரு தடவை அவர்களில் சில பெண்கள் திடலுக்கு வந்தார்கள். செவாங் என்கிற தங்கள் ஆட்டத்தில் செய்வது போல், மூங்கில் குழாய்களைச் சோடியாகப் பிடித்து ஒரு நீளக் கட்டையில் குத்தினார்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, இரண்டு சுருதி. காட்டுக்குள் மழை சொட்டுகிற மாதிரி ஒரே சீராக. எங்கள் பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். அப்புறம் அவர்கள் வரவில்லை. வண்டி வாடகைக்குக் காசு போதாது என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று யோசித்தால், ஏன் அவர்களே இறங்கி வர வேண்டும்? நாங்கள் ஒரு தடவைகூட மேலே போகவில்லையே.

இன்னொன்று. எங்கள் பழைய தோட்டத்து லயத்தில் இப்போது இருப்பது வங்காளதேசத்துப் பிள்ளைகள். என் தாத்தா கப்பலேறி வந்தபோது இருந்த வயசுதான். அவர்களில் ஒருவன் எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பான், அப்படி ஒரு கை! இரண்டு செவ்வாய் வந்தான். மூன்றாவது வாரம் குடிநுழைவுத் துறைச் சோதனை நடக்கிறது என்று பேச்சு வந்ததும் நின்றுவிட்டான். கலை இரவு பற்றிப் பேசுகிற எந்தக் கூட்டத்திலும் இந்தப் பிள்ளைகளை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

17.9.2024

நேற்று மலேசியா தினம். சந்தைக்கு முன்னால் சின்ன மேடை போட்டு எங்களையும் அடிக்கச் சொன்னார்கள். மேடையைப் பற்றி நான் இங்கே எழுதியதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அரை மனதோடுதான் போனேன்.

மாலை ஐந்தரை. தப்பு தனியாகத் தொடங்கும், பிறகு கொம்பாங் நுழையும், கடைசியில் பெருமேளம். தப்பு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிர்ப்பக்க மளிகைக் கடையிலிருந்து ஒரு சீன ஆண்டி, எண்பது வயதை நெருங்குகிறவர், சாலையைக் கடந்து வேகவேகமாக வந்தார். என் கையைப் பிடித்தார். சுத்தத் தமிழில் கேட்டார்:

"யாரு செத்தா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. எந்தச் சொல்லை எதிர்த்து இரண்டு வருஷமாகப் பேசுகிறேனோ அதுவே எதிரில் வந்து நிற்கிறது. யாரும் சாகலை ஆண்டி, சும்மா வாசிக்கிறோம் என்றேன். அவர் நம்பவில்லை. மேடையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், கடைசி வரை எழவில்லை.

முடிந்த பிறகு சொன்னார். சின்ன வயதில் புதுக் கிராமத்து வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ராத்திரியில் இந்தச் சத்தம் கேட்குமாம். அவசரகாலம் 1960-இல் முடிந்த பிறகு அவர் அம்மா தோட்டத்து முனையில் கடை போட்டிருக்கிறார். தப்புச் சத்தம் கேட்டதும் அம்மா விளக்கை ஏற்றி, யார் செத்தது என்று கேட்டுவர இவரை அனுப்புவார். இவர் திரும்பி வருவதற்குள் சர்க்கரையும் கோப்பித் தூளும் பொட்டலம் கட்டி வைத்திருப்பார். சாவு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் எழுத மாட்டாராம். "அது மட்டும் எழுத மாட்டாங்க," என்றார்.

19.9.2024

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. அந்தப் பொட்டலம் எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். பாட்டி இறந்தபோது கோப்பி கலக்கிக் கலக்கிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. தூள் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டதில்லை.

ஜூன் 19-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் எழுதியதைத் திருத்துகிறேன். மேடை வீண் என்று சொன்னது தவறு. திடலில் வருஷக்கணக்காக அடித்தும் ஆண்டியின் காதுக்கு எட்டவில்லை. சந்தை மேடையில் ஏறியதால்தான் எட்டியது. அதே சமயம், செவ்வாய்க்கிழமைகள் இல்லாமல் அந்த மேடையில் நாங்கள் பழையபடி வரிசை எண்ணோடு ஏறி இறங்கியிருப்போம், தப்பு அதில் இருந்தே இருக்காது.

தப்பு பற்றியும். சாவுக்கு அடிப்பது என்பதை மறைக்க நான் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு சாவு நடந்ததென்று மூன்று ஊருக்கும் சொல்லி, ராத்திரியில் ஒரு கடையில் விளக்கை ஏற்ற வைத்த மேளம் அது. அப்பாவுக்கு இது தெரிந்திருக்குமா? தெரிந்தே இருக்கும். நான்தான் அவரிடம் எதையும் கேட்டுக்கொண்டதில்லை.

3.10.2024

பகாவ் தம்பி தன் கலை இரவை முடித்துவிட்டு எழுதியிருக்கிறார். கூட்டம் வந்தது, கலைந்தது, ஆனால் நிகழ்ச்சிக்குப் பத்து வாரம் முன்பே எல்லாரையும் ஒத்திகைக்கு ஒரே இடத்துக்கு வரச் சொல்லிவிட்டாராம். நிகழ்ச்சி முடிந்தும் ஆறு பேர் இன்னும் வருகிறார்களாம். ஆறு பேர் குறைவு என்று வருத்தப்படுகிறார். தம்பி, நாங்கள் ஐந்து பேரோடு தொடங்கினோம், அதில் இரண்டு பேர் என் அண்ணன் பிள்ளைகள்.

செலவு கேட்டீர்கள். தேநீர், பிசாங் கோரெங், பழைய பேப்பர். பலகாரம் மாக்சிக் கடையிலிருந்து வாங்குங்கள், எல்லாரும் தயக்கமில்லாமல் சாப்பிடுவார்கள். வரவுக்கு ஒரு புத்தகம், செலவுக்கு ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். காசு விஷயத்தில் ஒரு சந்தேகம் வந்தால் பத்து வருஷப் பழக்கமும் ஒரு நாளில் போய்விடும்.

18.11.2024

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. நாளை செவ்வாய். வீட்டில் பழைய பேப்பர் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், செம்பனை மட்டை முழுக்க நனைந்து கிடக்கிறது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் கோல மூவுக்கு ஏறிப் போகப் பேசியிருக்கிறோம், நாலு சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

இன்று ஆண்டி கடைக்குப் போனேன். நாளைக்குத் தேநீருக்குச் சர்க்கரையும் கோப்பித் தூளும் கேட்டேன். பொட்டலம் கட்டினார். அந்தப் பழைய கதை ஞாபகத்தில் காசை நீட்டத் தயங்கி நின்றேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"யாரும் சாகலையே," என்று சொல்லி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.